நர்ஸ் பிராக்டிஷனர் படிச்சா மருந்து எழுதலாமா, நைட் ட்யூட்டி போயிடுமா? பட்டம் வேற, போஸ்ட் வேற

பிஎஸ்சி நர்ஸிங் முடிச்சு ரெண்டு மூணு வருஷம் வார்டுல நின்னவங்க நடுவுல இப்ப ஓடுற பெரிய குழப்பம் இதுதான்: மேல என்ன படிக்கறது? அட்மிஷன் சீசன் வந்தா வாட்ஸப்புல ஒரு போஸ்டர் சுத்தும், நர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸ், அமெரிக்காவுல இருக்கற மாதிரியே, முடிச்சா தனியா பேஷண்ட் பாக்கலாம், லைஃப் செட்டில்னு. அதுல பாதி உண்மை, பாதி ஆசை காட்டறது. எது எதுன்னு பிரிச்சுப் பாக்க அடியில இருந்து வரணும்.

ஏணியோட படிகள்

தெரிஞ்சவங்க இதைத் தாண்டிப் போகலாம். ஏஎன்எம் (துணை நர்ஸ், மிட்வைஃப் பயிற்சி) ரெண்டு வருஷம், ஜிஎன்எம் (பொது நர்ஸிங், மிட்வைஃப்ரி டிப்ளமோ) மூணு வருஷம், பிஎஸ்சி நாலு வருஷம். ஜிஎன்எம் முடிச்சவங்க போஸ்ட் பேசிக் பிஎஸ்சி ரெண்டு வருஷம் படிச்சு டிகிரி வாங்கலாம். தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணாதான் வேலை பாக்கவே முடியும். பாடத்திட்டமும் விதிகளும் இந்தியன் நர்ஸிங் கவுன்சில் போடறது, அது 1947 சட்டத்துல வந்த அமைப்பு, அதுக்குப் பதிலா ஒரு தேசிய கமிஷன் கொண்டு வர 2023-ல புதுச் சட்டம் பாஸ் ஆச்சு.

பிஎஸ்சிக்கு மேல மூணு கிளை இருக்கு:

1. ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிகல் கேர், ஆன்காலஜி, நியோநேட்டல், ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சின்னு பல பிரிவு.
2. ரெண்டு வருஷ எம்எஸ்சி. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள், மகப்பேறு, கம்யூனிட்டி ஹெல்த், மனநலம்னு அஞ்சு பிரிவு. பிஎஸ்சிக்கு மேல ஒரு வருஷ அனுபவம் கேப்பாங்க.
3. நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர், சுருக்கமா என்பிசிசி. இதுவும் ரெண்டு வருஷ முதுநிலைதான், ஆனா ரெசிடென்சி முறை, கிளாஸ்ரூம்ல உக்காரறது கம்மி, ஐசியுல நிக்கறதுதான் ஜாஸ்தி.

மிட்வைஃப்ரிக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்னு 18 மாச கோர்ஸ் தனியா இருக்கு, மத்திய அரசு 2018-ல மிட்வைஃப்ரி வழிகாட்டுதல் போட்டதுக்கப்புறம் வேகம் எடுத்தது.

அட்வான்ஸ்டு பிராக்டிஸ்னா உண்மையில என்ன

நர்ஸ் பிராக்டிஷனர் அட்வான்ஸ்டு பிராக்டிஸ்ங்கற பெரிய வகைல ஒண்ணு. அந்த வகைக்கு, சர்வதேச நர்ஸுகள் கவுன்சில் 2020-ல சொன்ன விளக்கப்படி குறைஞ்சது முதுநிலைப் படிப்பு, கூடவே சிக்கலான முடிவை எடுக்கற திறமை, பேஷண்டை விட்டு விலகாத கிளினிக்கல் வேலை. இதுல கடைசி விஷயம்தான் முக்கியம். மேல்படிப்பு படிச்சிட்டு ஆபீஸ்ல உக்காந்தா அது அட்வான்ஸ்டு பிராக்டிஸ் கிடையாது, அது அட்மினிஸ்ட்ரேஷன்.

ஒரு காட்சியா பாத்தா சட்டுனு புரியும். ராத்திரி ரெண்டு மணி, ஐசியு, செப்ஸிஸ்ல, அதாவது தொற்று முத்தி உடம்பு முழுக்க பாதிச்ச நிலைல வந்து வென்டிலேட்டர்ல இருக்கற பேஷண்ட், பிபியை ஏத்தற நார்அட்ரினலின் ஓடிட்டு இருக்கு, திடீர்னு மானிட்டர்ல பிபி 80-க்கு 50. ஸ்டாஃப் நர்ஸ் என்ன பண்ணுவாங்க? லைன் மடங்கியிருக்கா, சிரிஞ்ச் பம்ப்ல மருந்து தீர்ந்துடுச்சான்னு பாப்பாங்க, ட்யூட்டி டாக்டருக்கு போன் போடுவாங்க, அவர் வர்ற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க. அட்வான்ஸ்டு பிராக்டிஸ் நர்ஸுக்கு முழு அதிகாரம் இருக்கற நாட்டுல அதே இடத்துல அவங்களே ஏபிஜி (ரத்தத்துல ஆக்ஸிஜன், அமில அளவு பாக்கற டெஸ்ட்) எடுத்து, படிச்சு, இன்ஃபியூஷன் ரேட்டை மாத்தி, வென்டிலேட்டர் செட்டிங்கைத் தொட்டு, கேஸ் ஷீட்ல தன் பேர்ல ஆர்டர் எழுதுவாங்க. அனுபவம் உள்ள நம்ம ஊர் ஐசியு சிஸ்டருக்கு இதுல பாதி கைப்பழக்கத்துலயே தெரியும், புதுசா வந்த, முதுநிலை படிக்கற பிஜி டாக்டருக்கு மெதுவா காதுல சொல்லிக் குடுக்கறதும் அவங்கதான், ஆனா கையெழுத்து அவங்களது இல்ல. அந்தக் கையெழுத்துதான் மொத்த விவகாரமும்.

இந்த யோசனை முளைச்சது அமெரிக்காவுல, 1965-ல, கொலராடோ பல்கலைக்கழகத்துல. லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு நர்ஸும் ஹென்றி சில்வர்னு ஒரு குழந்தை டாக்டரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினாங்க. காரணம் எளிமையானது, டாக்டர் போகாத இடத்துல குழந்தைகளைப் பாக்க ஆள் வேணும். இப்ப அங்க நாலு வகை அட்வான்ஸ்டு நர்ஸ் இருக்காங்க: நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், மயக்க மருந்து குடுக்கற நர்ஸ் அனஸ்தெடிஸ்ட், நர்ஸ் மிட்வைஃப். பாதிக்கு மேல மாநிலங்கள்ல நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே நோயைக் கண்டுபிடிச்சு மருந்து எழுதலாம்.

நம்ம ஊர்ல ஏன் மாட்டிக்கிட்டு நிக்குது

கோர்ஸ் வந்தாச்சு, சிலபஸ் நல்ல சிலபஸ், முடிச்சு வர்றவங்களும் கெட்டிக்காரங்க. அப்புறம் என்ன தடை?

1. மருந்துச் சட்டம். 1945-ல வந்த மருந்து விதிகள்படி ஷெட்யூல் ஹெச்ங்கற பட்டியல்ல இருக்கற மருந்தை மெடிக்கல் ஷாப்ல குடுக்கணும்னா பதிவு பெற்ற மருத்துவரோட சீட்டு வேணும். நர்ஸ் எழுதின சீட்டு கடைக்காரருக்கு வெறும் பேப்பர்தான். நர்ஸிங் சிலபஸ் எவ்வளவு மாறினாலும் இந்த விதி அப்படியே இருக்கற வரைக்கும் நிலைமை மாறாது.

2. அதனால என்பிசிசி முடிச்சவங்க என்ன செய்யலாம்ங்கறதை அந்தந்த ஆஸ்பத்திரியோட புரோட்டோகாலும் ஸ்டாண்டிங் ஆர்டரும் (முன்கூட்டியே எழுதி வச்ச உத்தரவு)தான் தீர்மானிக்குது. ஒரு இடத்துல வென்டிலேட்டர் வீனிங்கையே, அதாவது பேஷண்டை மெஷின்லருந்து படிப்படியா எடுக்கறதையே நம்பி விடுவாங்க, இன்னொரு இடத்துல அதே ஆளை சாதா ஸ்டாஃப் நர்ஸா ரோஸ்டர்ல போட்டுருவாங்க.

3. போஸ்ட். படிப்பை உருவாக்கறது ஒரு துறை, பதவியை உருவாக்கி அதுக்கு சம்பளம் நிர்ணயிக்கறது இன்னொரு துறை. முதல் வேலை நடந்துச்சு, ரெண்டாவது அதே வேகத்துல நடக்கல. தமிழ்நாட்டுல அரசு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கற எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) 2012-ல வந்தது, அவங்க ஆள் எடுக்கறது நர்ஸ்ங்கற பொதுப் பதவிக்கு.

4. மருத்துவர் சங்கங்களோட எதிர்ப்பு. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்துல 32-வது பிரிவு, சமுதாய சுகாதாரப் பணியாளர்னு ஒரு வகுப்புக்கு வரம்புக்குட்பட்ட லைசென்ஸ் குடுக்கலாம்னு சொல்லுது, பதிவு பெற்ற மருத்துவர் எண்ணிக்கையில மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு வேற. போலி டாக்டர்களுக்கு சட்டமே கதவு திறந்து விடுதுன்னு இந்திய மருத்துவ சங்கம் நாடு முழுக்க போராட்டம் பண்ணுச்சு. பயிற்சியே இல்லாத ஆள் கைல போயிடுமோங்கற அந்தப் பயத்துல நியாயமே இல்லன்னு சொல்ல முடியாது, ஆனா ரெண்டு வருஷம் ஐசியுல ரெசிடென்சி பண்ணின நர்ஸையும் ஊசி போடற போலி ஆளையும் ஒரே தட்டுல வைக்கறது சரியில்ல.

ஆக, போஸ்டர்ல போட்டிருக்கற "தனியா பேஷண்ட் பாக்கலாம்" இன்னிக்கு இந்தியாவுல நடக்காத காரியம். படிப்பு வீண்னு இதுக்கு அர்த்தம் எடுத்துக்க வேண்டாம், கைத்திறமை நிச்சயம் ஏறும், நல்ல ஐசியுல மதிப்பும் ஏறும், பேர் பலகைதான் மாறாது.

எம்எஸ்சி ஒரு தனி வேடிக்கை

அஞ்சு பிரிவுல எதுல எம்எஸ்சி முடிச்சாலும் பெரும்பாலும் போய் சேர்ற இடம் நர்ஸிங் காலேஜ். டியூட்டர், லெக்சரர். தனியார் ஆஸ்பத்திரியில எம்எஸ்சிக்குன்னு தனிச் சம்பளம் வைக்கறது அபூர்வம், அதனால வார்டுல கெட்டியா இருந்த ஆளு படிச்சு முடிச்சதும் வார்டை விட்டே போயிடறாங்க. மத்த நாட்டுல முதுநிலை படிச்சா பேஷண்ட் கிட்ட இன்னும் நெருங்கிப் போவாங்க, இங்க தள்ளிப் போறாங்க. வேலூர் சிஎம்சியிலயும் டெல்லியிலயும் 1946-லயே பிஎஸ்சி நர்ஸிங் தொடங்கின நாட்டுல இப்படி ஆனது வருத்தம்தான்.

ஆனா குடும்பத்தை வச்சுப் பாத்தா இதையே குத்தம் சொல்ல முடியாது. காலேஜ் வேலைன்னா காலைல ஒன்பதுலருந்து நாலு, ஞாயிறு லீவு, நைட் கிடையாது. சின்னக் குழந்தை இருக்கற நிறைய பேர் சம்பளம் குறைஞ்சாலும் பரவால்லன்னு அதுக்குத்தான் எம்எஸ்சி படிக்கறாங்க. நிறைய தனியார் காலேஜ்ல சம்பளம் நிஜமாவே குறையும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

நைட் ட்யூட்டி கணக்கு

வேலை வாழ்க்கை சமநிலைன்னு பொதுவா பேசறதை விட ஒரு வாரத்தை எடுத்து எண்ணிப் பாக்கறது நல்லது. நம்ம ஊர்ல ரொம்ப பழக்கமான ஷிஃப்ட் முறை ஆறு, ஆறு, பன்னிரண்டு. காலை ஏழரைலருந்து ஒன்றரை, ஒன்றரைலருந்து ஏழரை, ராத்திரி ஏழரைலருந்து மறுநாள் காலை ஏழரை. மாதிரிக்கு ஒரு வாரம்:

திங்கள், செவ்வாய் மார்னிங். புதன், வியாழன் ஈவ்னிங். வெள்ளி, சனி நைட். ஞாயிறு ஆஃப்.

மார்னிங் 12 மணி நேரம், ஈவ்னிங் 12, நைட் 24, மொத்தம் 48. பேப்பர்ல ஒழுங்கா இருக்கு. இப்ப அந்த ஞாயித்துக்கிழமையைப் பாருங்க. சனி நைட் முடியறதே ஞாயிறு காலை ஏழரை மணிக்கு. ஹேண்டிங் ஓவர் குடுத்து, பஸ் புடிச்சு, வீடு வந்து, குளிச்சு, படுக்க ஒன்பதரை. எந்திரிக்க சாயங்காலம் நாலு. அப்புறம் துணி துவைக்கறது, மறுநாள் டிபனுக்கு மாவு ஆட்டறது, புள்ள ஹோம்வொர்க், திங்கள் காலை ஏழரைக்கு மறுபடி மார்னிங். வாரம் பூரா உழைச்சதுக்குக் கிடைச்ச லீவு வெறும் 24 மணி நேரம், அதுலயும் கால்வாசி பகல் தூக்கம். இதுல ரிலீவர் வரல, டபுள் ஷிஃப்ட் பாருங்கன்னு இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு போன் போட்டா அதுவும் போச்சு.

உடம்பு பக்கமும் சும்மா இல்ல. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு நைட் ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கற 2ஏ பிரிவுல 2007-ல வச்சது, 2019-ல மறுபடி பாத்துட்டு அதே முடிவைத்தான் சொன்னது. இதைக் கேட்டு பயந்து ஓட வேண்டாம், ஆனா வாழ்நாள் பூரா நைட் பாத்துட்டே இருக்கலாம்னு திட்டம் போட வேண்டாம்.

சரி, மேல படிச்சா இந்த நைட் போகுமா? என்பிசிசி படிச்சா போகாது, ஐசியுன்னாலே ராத்திரி உண்டு, பொறுப்பு கூடினா ராத்திரி போனும் கூடும். நைட் இருக்குமா இருக்காதாங்கறது நீங்க உக்காரப் போற நாற்காலியைப் பொறுத்தது, அதனால நாற்காலியைப் பாத்துட்டு அதுக்கு என்ன படிப்பு வேணும்னு பின்னாடி வாங்க.

பகல் நாற்காலிகள், அதிகம் பேர் பாக்காதது

1. இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ். ஆஸ்பத்திரித் தரத்துக்குக் குடுக்கற என்ஏபிஹெச் அங்கீகாரம் வேணும்னா ஆஸ்பத்திரி இந்தப் பதவியை வச்சே ஆகணும். வார்டு வார்டா போய் கை கழுவறாங்களான்னு பாக்கறது, கதீட்டர் இன்ஃபெக்‌ஷன் எத்தனைன்னு எண்ணறது, கல்ச்சர் ரிப்போர்ட் தொடர்றது. பகல் வேலை. எல்லாரும் இவங்களைப் பாத்ததும் ஓடி ஒளிவாங்க, அது தனிக் கதை.

2. டயாலிசிஸ். ஷிஃப்ட் உண்டு, ஆனா நிறைய யூனிட் விடியக்காலைல தொடங்கி ராத்திரியோட முடிஞ்சிடும். ஒரே பேஷண்ட் வாரம் ரெண்டு மூணு தடவை வருவார், வருஷக் கணக்கா அவரைப் பாத்துக்கறது நீங்கதான், நம்ம நாட்டு நிலைமைல அட்வான்ஸ்டு நர்ஸிங்குக்கு ரொம்ப கிட்ட இருக்கறது இதுதான்னு கூட சொல்லலாம்.

3. டயாபெட்டிஸ் எஜுகேட்டர், காயம் மற்றும் ஸ்டோமா (வயித்துல ஆபரேஷன் பண்ணி வச்ச கழிவு வழி) கேர் நர்ஸ், கீமோ டே கேர். ஓபி நேரத்தோட ஓடற வேலைகள்.

4. டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர். மூளைச்சாவு உறுப்பு தானத்துல தமிழ்நாடு 2008-லருந்தே முறையா திட்டம் நடத்துது, அதனால இங்க இந்த வேலைக்குத் தேவை உண்டு. இதுல ரோஸ்டர் நைட் கிடையாது, ஆனா டோனர் இருக்குன்னு போன் எந்த ராத்திரியும் வரும். பகல் வேலைன்னு நம்பி ஏமாந்துடாதீங்க.

5. துணை சுகாதார நிலையத்துல எம்எல்ஹெச்பி (இடைநிலை சுகாதாரப் பணியாளர்), மத்த மாநிலத்துல சிஹெச்ஓம்பாங்க (சமுதாய சுகாதார அலுவலர்). 2018-ல மத்திய அரசு ஒன்றரை லட்சம் ஹெல்த் அண்ட் வெல்னஸ் சென்டர்னு அறிவிச்சதுக்கப்புறம் வந்த பதவி. பிபி, சுகர் பாக்கறது, டாக்டர் எழுதின மாத்திரையை மாசாமாசம் குடுக்கறது, வீடியோ மூலமா டாக்டரோட இணைக்கறது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துக்கும் இது கீழ் அடுக்கு. பகல் வேலை, ஊருக்குள்ள பேர் கிடைக்கும். ஒப்பந்தம்தான்ங்கறது குறை.

அரசு வேலை, ஒப்பந்தம், தனியார்

எம்ஆர்பி மூலமா 2015-ல எடுத்தவங்களுக்குத் தொகுப்பூதியமா மாசம் 7,700 ரூபாய் குடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு எதிர்பாத்து, அது நடக்காம 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் (மருத்துவத் துறை இயக்ககம்) வளாகத்துல ஆயிரக்கணக்குல போராட்டத்துக்கு உக்காந்தாங்க. அப்புறம் தொகை ஏறுச்சு, ஆனா நிரந்தரமாகற வரிசை இன்னும் நீளம்தான். நிரந்தரம் ஆனா வித்தியாசம் பெருசு. மகப்பேறு விடுப்பையே பாருங்க, தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலைலருந்து 12 மாசம், தனியார்ல சட்டப்படி 26 வாரம்.

மத்திய அரசுப் பக்கம் நர்ஸிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தற நார்செட் தேர்வு. மத்திய அரசுச் சம்பளப் பட்டியல்ல லெவல் 7, அடிப்படைச் சம்பளமே 44,900. பிஎஸ்சி போதும், ஜிஎன்எம்னா ரெண்டு வருஷ அனுபவம் வேணும். நைட் உண்டு, ஆனா ஆள் பலமும் விடுப்பும் ஒழுங்கா இருக்கறதால அதே நைட் அவ்வளவு கசக்காது. கையில காசு போட்டு ரெண்டு வருஷம் படிக்கப் போறவங்க, அதே ரெண்டு வருஷத்தை நார்செட்டுக்குக் குடுத்தா என்ன ஆகும்னு ஒரு தடவை யோசிச்சுப் பாக்கறது புத்திசாலித்தனம். கிளினிக்கல் ஆசைக்கு இது பதில் இல்ல, வாழ்க்கைக்குப் பதில்.

தனியார் சம்பளத்துக்கு 2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி ஒரு கமிட்டி உக்காந்து, 50 படுக்கைக்குக் கீழ இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது, 200-க்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமம்னு பரிந்துரை குடுத்துச்சு. பரிந்துரைங்கற வார்த்தையை மட்டும் ரெண்டு தடவை படிச்சுக்கங்க.

வெளிநாடு: எந்தக் கதவு எங்க போகுது

முதல்ல ஒரு தப்பு எண்ணத்தை எடுத்துடலாம். இங்க படிச்ச எம்எஸ்சியோ என்பிசிசியோ வச்சு அமெரிக்காவுல நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முடியாது. என்கிளெக்ஸ்ங்கற லைசென்ஸ் தேர்வு எழுதி ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகலாம், அதுக்கப்புறம் அங்க அங்கீகாரம் உள்ள நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு படிச்சு, தேசிய சான்றிதழ் தேர்வு எழுதணும். அனஸ்தெடிஸ்ட்னா 2022-லருந்து சேர்றவங்களுக்கு டாக்டரேட் அளவு படிப்பு. இதுக்கு நடுவுல இந்தியாவுல பிறந்தவங்களுக்கு இபி-3ங்கற வேலை வழி கிரீன் கார்டு விசா வரிசை வருஷக் கணக்குல. இருபத்தஞ்சு வயசுல கிளம்பினா கூட கிளினிக்ல உங்க பேர் போட்ட கதவு வர முப்பத்தஞ்சு தாண்டிடலாம். ஆனா வந்துட்டா, ஃபேமிலி பிராக்டிஸ்னா பெரும்பாலும் பகல் வேலைதான், ரெண்டு ஆசையும் ஒரே இடத்துல நிறைவேறற பாதை இது.

பிரிட்டன்ல சிபிடி (கம்ப்யூட்டர் தேர்வு), ஆஸ்கி (செய்முறைத் தேர்வு) ரெண்டும் முடிச்சு பேண்ட் 5-ங்கற சம்பளப் படில சேருவீங்க, வாரம் 37.5 மணி நேரம். அங்க ஒவ்வொரு படியும் வெளிப்படையா இருக்கும், வேலை பாத்துட்டே படிச்சு, மருந்து எழுதற தகுதியும் வாங்கி, அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஷனரா பேண்ட் 7, 8ஏ போறவங்க உண்டு. ஆஸ்திரேலியாவுல நர்ஸ் பிராக்டிஷனர் பதிவுக்கு கடைசி ஆறு வருஷத்துல 5,000 மணி நேர உயர்நிலை கிளினிக்கல் அனுபவம் காட்டணும். வளைகுடால சம்பளம் சேமிப்புக்கு நல்லது, வீட்டுக் கடன் அடையும், ஆனா பத்து வருஷம் கழிச்சும் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். போறதா இருந்தா தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல ஒரு தடவை விசாரிச்சுட்டு அப்புறம் ஏஜென்ட் கிட்ட போங்க.

ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

1. இந்தியன் நர்ஸிங் கவுன்சில், டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், ரெண்டு லிஸ்ட்லயும் அந்தக் காலேஜும் அந்தக் கோர்ஸும் இருக்கா? காலேஜ் இருக்கும், கோர்ஸ் இருக்காது, அப்படியும் நடக்கும்.

2. போன பேட்ச்ல முடிச்சவங்க எங்க, என்ன பதவிப் பேர்ல வேலை பாக்கறாங்க? பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்னு சொன்னா, பதவி ஸ்டாஃப் நர்ஸான்னு திருப்பிக் கேளுங்க.

3. பாண்ட் (இத்தனை வருஷம் இங்கதான் வேலைன்னு எழுதி வாங்கறது) இருக்கா, ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவாங்களா? இந்த முறையே கூடாதுன்னு கவுன்சில் சொல்லியிருக்கு, அதையும் மீறிக் கேக்கற இடத்துல படிப்பு முடிஞ்சும் நகர முடியாது.

4. வேலைக்கு இன்டர்வியூ போனா ஹெச்ஆர் சொல்றதை விட நர்ஸிங் ஸ்டேஷன் சுவத்துல ஒட்டியிருக்கற போன மாச ரோஸ்டரைப் பாருங்க. ஒரே பேருக்கு நேரா எத்தனை 'நைட்' வரிசையா வருது, எத்தனை இடத்துல பேனாவால அடிச்சுத் திருத்தி 'டபுள்'னு எழுதியிருக்கு, எத்தனை பேர் ஆஃப் எடுக்காம மாசம் தாண்டியிருக்காங்க, எண்ணிட்டு வாங்க.